கணக்கில் வராததைக் கணக்கெடுத்த ஆடிட்டர்

ஈவிஎஸ் பேப்பர்னாலே நம்ம பசங்களுக்கு ஒரு தனி நிம்மதி. டெரிவேஷன் கிடையாது, ப்ராப்ளம் கிடையாது, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்தா போதும். அஞ்சு யூனிட்டையும் கதை மாதிரி எழுதி பாஸ் ஆயிடலாம். ஓசோன் படலம், அமில மழை, உணவுச் சங்கிலி படம் ஒண்ணு. முடிஞ்சது. அந்த செமஸ்டரோட அந்த நோட்டும் பழைய பேப்பர் கடைக்குப் போயிடும்.

இந்தப் பாடம் நம்ம சிலபஸுக்குள்ள சும்மா வந்துடல. எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் இதைக் கொண்டு வந்தது. எந்த பிராஞ்ச் எடுத்தாலும் படிச்சே ஆகணும் என்று நாட்டின் பெரிய நீதிமன்றமே சொன்ன பாடம் இது. அப்படி எதுக்காகச் சொன்னாங்க என்பதை மட்டும் நாம கேக்கறதில்ல.

இந்தக் கேள்வியோட தேடினா ஒரு தமிழர் கிடைக்கிறார். சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே நம்ம ஊர்ல புழக்கத்துக்கு வராத காலத்தில் வாழ்ந்தவர். தொழில் ஆடிட்டர். ஈவிஎஸ்ல கணக்கு இல்லன்னு நாம சந்தோஷப்படுறோம். அவர் மண்ணையும் தண்ணியையும் மரத்தையும் முழுக்க முழுக்கக் கணக்காகவே பார்த்தார். பேரு ஜே.சி.குமரப்பா.

தஞ்சாவூரிலிருந்து லண்டனுக்கு

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் அரசு வேலை பார்த்தவர். வசதியான, படித்த, ஒழுங்கு மிகுந்த வீடு. தம்பி பரதன் குமரப்பாவும் பின்னாளில் காந்தியோடு வேலை செய்தார். அண்ணன் ஜெகதீசன், பம்பாயில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். குடும்பமே அப்படிப்பட்ட குடும்பம்.

சென்னையில் டவ்டன் பள்ளி, கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்துவிட்டு 1912-ல் கணக்குத் தணிக்கை படிக்க லண்டன் போனார். முதல் உலகப் போர் நடந்த வருஷங்கள் முழுக்க அங்கேதான். தகுதி பெற்று அங்கேயே வேலையும் பார்த்துவிட்டு 1919-ல் ஊர் திரும்பினார். பம்பாயில் கொஞ்ச காலத்தில் சொந்தமாகவே ஆடிட் கம்பெனி வைத்தார். நல்ல வருமானம், கோட்டு சூட்டு, கையில் தடி, மேல்நாட்டுச் சாப்பாடு. அந்தக் காலத்து பம்பாயில் செட்டில் ஆன ஒரு ஆளுக்கு என்னவெல்லாம் இருக்கணுமோ எல்லாம் இருந்தது.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகத்தில் ஒரு பட்டம். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை. அங்கேதான் திருப்பம் வந்தது. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற தலைப்பில் ஒரு தேவாலயத்தில் பேசினார். அந்தப் பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துச் செய்யச் சொன்னார். செலிக்மன் பொது நிதி இயலில் உலகப் பெயர் பெற்றவர்.

ஒரு ஆடிட்டர் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கிற மாதிரி, குமரப்பா பிரிட்டிஷ் இந்தியாவின் வரவு செலவைப் பார்த்தார். வரி எங்கிருந்து வருது, எங்கே போகுது? குடியானவனிடமிருந்து வருது. ராணுவத்துக்கும், கடன் வட்டிக்கும், அதிகாரிகள் சம்பளத்துக்கும் போகுது. கட்டின ஆளுக்குத் திரும்பி வருவது ரொம்பக் கொஞ்சம். ஆராய்ச்சியை முடிச்சபோது, அதுவரை தான் நம்பிக்கொண்டிருந்த நல்ல ஆட்சி என்ற கதை அவருக்கே பொய்யாகத் தெரிந்தது. இந்தக் காலத்தில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்குத் திரும்பினார்.

மரத்தடியில் ஒரு இன்டர்வியூ

ஆய்வை நூலாக வெளியிட ஆசைப்பட்டுக் காந்தியைப் பார்க்கப் போனார். 1929 மே 9, சபர்மதி ஆசிரமம். கொடுத்த நேரத்துக்கு முன்னாடியே போய்விட்டார். ஒரு மரத்தடியில், சாணி மெழுகின தரையில், ஒரு பெரியவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரியவர் தன் கடிகாரத்தைப் பார்த்து, நீங்கதானே குமரப்பா என்கிற மாதிரி விசாரித்தார். அப்போதுதான் இவருக்கு விளங்கியது, எதிரில் இருப்பது காந்தி என்று. உட்கார நாற்காலி வந்தது. இவர் வேண்டாம் என்று சொல்லி, பட்டு உடுப்போடு அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காந்தி அந்த ஆய்வை யங் இந்தியாவில் தொடராக வெளியிட ஒத்துக்கொண்டார். அதோட ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் ஒரு தாலுகாவைப் போய்க் கிராமம் கிராமமாகச் சர்வே எடுக்கணும். மொழி தெரியாதே என்று குமரப்பா தயங்கினார். குஜராத் வித்யாபீட மாணவர்கள் கூட வருவாங்க என்று ஏற்பாடானது.

மாத்தர் தாலுகா

கேடா மாவட்டத்தில் இருக்கும் மாத்தர் தாலுகாவில் 1929 கடைசியிலிருந்து 1930 தொடக்கம் வரை அந்த வேலை நடந்தது. ஒரு பேராசிரியரும் மாணவர்களும் 50-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குப் போனார்கள். மண் எப்படி, மழை எவ்வளவு, கிணறு எத்தனை, மாடு எத்தனை, அதுக்குத் தீவனம் எங்கிருந்து வருது, வீட்டுக்கு என்ன வருமானம், என்ன கடன், யாரிடம் கடன், நிலவரி எவ்வளவு என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். அறிக்கை 1931-ல் வெளியானது.

வரி வசூலுக்காக சர்க்கார் வைத்திருந்த கணக்குக்கும், இந்த மாணவர்கள் திண்ணையில் எழுதிய கணக்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சர்க்கார் கணக்கில் நிலம் லாபம் கொடுத்தது. திண்ணைக் கணக்கில், குடும்பத்து ஆட்கள் செய்த உழைப்புக்குக் கூலி போட்டாலே நஷ்டம். அந்த உழைப்பை யாரும் எழுதவில்லை என்பதால்தான் லாபம் மாதிரி தெரிந்தது.

இது நம்ம பாடத்துக்கு ரொம்ப முக்கியம். எது எழுதப்படலையோ அது இலவசம் மாதிரித் தெரியும். அன்னைக்கு எழுதப்படாமல் போனது குடியானவனின் உழைப்பு. அதே மாதிரி மண்ணின் சத்தும், நிலத்தடி நீரும், காட்டு விறகும் யாருடைய பேரேட்டிலும் ஏறுவதில்லை என்பதைக் குமரப்பா பின்னால் விரிவாக எழுதினார். அதுக்கு விதை விழுந்தது இந்த மாத்தர் தாலுகாவில், மாணவர்களோடு நடந்த அந்த நாட்களில்.

கறாரான கணக்கர்

உப்பு சத்தியாகிரகம் வந்தது. காந்தி சிறைக்குப் போனதும் யங் இந்தியாவை நடத்தும் பொறுப்பில் குமரப்பா உட்கார்ந்தார். அதுக்காக அவரும் சிறைக்குப் போனார். 1931-ல் இந்தியாவின் பேரில் பிரிட்டன் எழுதி வைத்திருந்த பொதுக் கடனில் எது நியாயம், எது அநியாயம் என்று ஆராய காங்கிரஸ் அமைத்த குழுவிலும் முக்கியப் பங்கு அவருடையது. ஒரு சாம்ராஜ்யத்தையே ஆடிட் பண்ணின ஆள் என்று சொல்லலாம். 1932-ல் மறுபடி சிறை.

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை. நாடு முழுக்க வந்து குவிந்த நன்கொடைக்குக் கணக்குப் பார்க்கக் குமரப்பாவைக் கூப்பிட்டார்கள். தொண்டர் ஒருத்தருக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டுக்கு இவ்வளவுதான் என்று அணா கணக்கில் கட்டுப்பாடு போட்டார். அந்தச் சமயத்தில் காந்தி தன் ஆட்களோடு பீகார் வந்தார். காந்தி கூட வந்தவங்க செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். விஷயம் காந்திவரை போனது. காந்தி குமரப்பா பக்கம் நின்றார்.

இது சாதாரண ஒரு நேர்மைக் கதை மாதிரித் தெரியலாம். ஆனா அவர் வாழ்க்கை முழுக்க இதே குணம்தான். பூகம்பத்தில் வீடு இழந்தவனுக்கு வந்த காசை வேறு யாரும் தொடக் கூடாது என்கிற அதே கறாரோடு, அடுத்த தலைமுறைக்கு உரிய மண்ணையும் தண்ணியையும் இன்றைக்கு இருப்பவன் தொடக் கூடாது என்றார்.

மகன்வாடி என்கிற லேப்

1934 கடைசியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. அமைப்பாளர், செயலாளர் எல்லாம் குமரப்பாதான். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் தலைமையகம். இன்ஜினியரிங் படிக்கிற நம்ம கண்ணோட்டத்தில் பார்த்தா அது ஒரு ஆர் அண்ட் டி சென்டர். செக்கை மேம்படுத்தினார்கள். கையால் காகிதம் செய்தார்கள். தேனீ வளர்த்தார்கள். கைக்குத்தல் அரிசி, பனை வெல்லம், சோப்பு, மண்பாண்டம் எல்லாம் அங்கே சோதனைக்கு வந்தது. பயிற்சி எடுக்க நாடு முழுக்க இருந்து ஆட்கள் வந்தார்கள். 1938-ல் மகன் அருங்காட்சியகத்தைக் காந்தி திறந்து வைத்தார்.

அங்கே உருவான ஒரு பொருள் மகன் தீபம். தாவர எண்ணெயில் எரியும் கண்ணாடிக் கூண்டு விளக்கு. அந்தக் காலத்தில் கிராமங்களில் இறக்குமதி மண்ணெண்ணெய் நுழைந்துவிட்டது. விளக்கு எரியணும்னா கடல் தாண்டி எண்ணெய் வரணும், கையில் காசு இருக்கணும். ஊரிலேயே வேப்பங்கொட்டையும் புங்கங்கொட்டையும் விழுந்து கிடக்க, அதை எரிக்க நல்ல விளக்கு இல்லாததுதான் குறை. சரி, விளக்கைச் சரி செய்வோம் என்று இறங்கினார்கள். பிரச்சினையை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கணும் என்பதற்கு இது நல்ல டிசைன் பாடம்.

பனை வெல்லக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். கரும்பு போட நல்ல நிலமும் நிறையத் தண்ணியும் வேணும். பனையும் ஈச்சமரமும் வேறு எதுவும் விளையாத இடத்தில் நிக்கும், யாரும் தண்ணி ஊத்த வேண்டாம். இனிப்பை அதிலிருந்து எடுத்தா, கரும்பு நிக்கிற நிலத்தில் தானியம் போடலாம். ஒரு மரத்தைப் பார்க்கும்போது அது எத்தனை ஏக்கர் நல்ல நிலத்தை மிச்சம் பண்ணுது என்று யோசித்தவர் அவர்.

இயந்திரமே வேண்டாம் என்ற ஆள் என்று அவரைச் சிலர் ஒதுக்குவாங்க. அது சரியில்லை. எந்த இயந்திரத்துக்கும் அவர் கேட்ட கேள்விகள் ரெண்டு மூணுதான். இதுக்கு எரிபொருள் எங்கிருந்து வருது, தீர்ந்து போனா என்ன செய்வோம், இது வந்தா யாருடைய கை சும்மா ஆகுது. இதுக்குப் பதில் சரியாக இருந்தா அவருக்கு மறுப்பில்லை.

ஆதாரக் கல்விக் குழுவில்

1937 அக்டோபரில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. பள்ளிக் கல்வி எப்படி இருக்கணும் என்று திட்டம் போட ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனாரே, அவரேதான். அந்தக் குழுவில் வினோபா, காகா காலேல்கர் இவர்களோடு குமரப்பாவும் உறுப்பினர். அமைப்பாளராக இருந்த ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். ஆதாரக் கல்வி, நயி தாலீம் என்றெல்லாம் சொல்கிறோமே, அதன் அடித்தளம் இந்தக் குழு எழுதிய அறிக்கை.

அதன் அடிப்படை எளிமையானது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றி எல்லாப் பாடமும் வரணும். பருத்தியிலிருந்து நூல் நூற்கிற பையன் எண்ணும்போது கணக்கு வரும். பருத்தி எங்கே விளையுது என்று கேட்டா பூகோளம் வரும். ஏன் விலை இறங்குது என்று கேட்டா சரித்திரமும் பொருளாதாரமும் வரும். மண்ணும் மழையும் தானாக உள்ளே வரும். இதில் சுற்றுச்சூழல் என்று ஒரு தனி பேப்பர் கிடையாது. தேவைப்படவும் இல்லை. ஏன்னா எந்தப் பாடத்திலிருந்தும் அதை வெளியே எடுக்கவே இல்லை.

நம்ம நிலைமை இதுக்கு நேர் எதிர். தெர்மோடைனமிக்ஸ் ஒரு ரூமில், ஈவிஎஸ் இன்னொரு ரூமில். பாய்லர் எஃபிஷியன்ஸி கணக்குப் போடும்போது அந்த நிலக்கரி எங்கே தோண்டினது, சாம்பல் எங்கே போச்சு என்பது அந்தக் கணக்கில் வராது. அதை வேறொரு பேப்பரில், வேறொரு மேம் நடத்துவாங்க. ரெண்டையும் சேர்த்துக் கேக்கிற கேள்வி எந்த இன்டர்னல்லயும் வராது.

ஜபல்பூர் சிறையில் எழுதிய புத்தகம்

1942 போராட்டத்துக்குப் பிறகு மறுபடி சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது ரெண்டு புத்தகம் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. இன்னொன்று எகானமி ஆஃப் பெர்மனன்ஸ், அதாவது நிலைத்து நிற்கும் பொருளாதாரம். 1945-ல் வந்தது. காந்தி முன்னுரை எழுதினார். கிராமத் தொழில்களில் டாக்டர் என்று ஒரு பட்டத்தையும் காந்தியே இவருக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தில் வரும் ரெண்டு விஷயங்களை மட்டும் இங்கே நம்ம பாஷையில் சொல்றேன்.

முதலாவது, இயற்கையிலேயே 5 வகையான பிழைப்பு இருக்கு என்கிறார். புலி ஆட்டைக் கொன்று தின்னும். தன்னைப் பிழைக்க வைக்கிற உயிரையே அழிப்பது, ஒட்டுண்ணிப் பிழைப்பு. குரங்கு தோப்புக்குள் புகுந்து பழத்தைத் தின்னும், மரத்துக்கு எதுவும் செய்யாது, கொள்ளைப் பிழைப்பு. குருவி தன் கூட்டைத் தானே கட்டும், முயற்சிப் பிழைப்பு. தேனீ தனக்காக இல்லாமல் கூட்டுக்கே சேர்க்கும், கூட்டுப் பிழைப்பு. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டும், எதையும் திருப்பி எதிர்பார்க்காது, சேவைப் பிழைப்பு. மனுஷன் எந்தப் படியில் வேண்டுமானாலும் நிக்கலாம், ஒரு தேசமும் அப்படித்தான். நாகரிகம் என்பது மேல் படிக்கு ஏறுவது என்கிறார்.

ரெண்டாவது, இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். நிலக்கரி, பெட்ரோலியம், தாதுப் பொருட்கள் எல்லாம் தொட்டியில் இருக்கிற தண்ணி மாதிரி. எடுக்க எடுக்கக் குறையும். காடு, ஆறு, காற்று, மாட்டின் உழைப்பு எல்லாம் ஓடுகிற வாய்க்கால் மாதிரி. அளவோடு எடுத்தா திரும்ப வரும். தொட்டியை நம்பி வாழ்கிற நாடுகள் தொட்டிக்காகச் சண்டை போடும், வாய்க்காலை நம்பி வாழ்கிற சமூகம் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் வாதம். ரெண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது சிறையில் உட்கார்ந்து இதை எழுதினார். இன்னைக்கு ரினியூவபிள், நான்-ரினியூவபிள் என்று நாம 2 மார்க்குக்கு எழுதுகிற பதில், ஒரு மனுஷனுக்குப் போருக்கும் அமைதிக்குமான கேள்வியாக இருந்தது.

இதோட நிக்கல. ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு வட்டாரத்துக்குச் சமச்சீர் உணவு கிடைக்க என்னென்ன பயிர் எத்தனை ஏக்கர் போடணும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார். முதலில் உண்ண உணவு, உடுக்கத் துணி. அது போக மிச்சம் இருந்தா வெளியே விற்கலாம் என்பது அவர் வரிசை.

தோற்ற பக்கம்

சுதந்திரம் வந்தது. நியாயமாகப் பார்த்தா அவர் காலம் வந்திருக்கணும். வரல. 1938-லேயே நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் சேர்ந்து, கருத்து ஒத்து வராமல் விலகியவர் அவர். சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949-ல் அறிக்கை வந்தது. இடைத்தரகர்கள் போகணும், உழுகிறவனுக்கு நில உரிமை வேணும், நில உச்சவரம்பு வேணும் என்று சொன்னது. பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றது. நாடு பெரிய அணை, பெரிய ஆலை, ரசாயன உரம், டிராக்டர் என்ற பாதையில் போனது. டிராக்டர் நன்றாக உழும், ஆனால் மாடு போல எரு தராது என்பதை அவர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். பழைய காலத்து ஆள் பேச்சு என்று பலர் சிரித்தார்கள்.

அந்தப் பாதையால் பசி குறைந்தது, நம்ம வீடுகளுக்குக் கரண்ட் வந்தது, நம்ம மாதிரி முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவானார்கள். அதை மறுக்க முடியாது. அதே பாதையில் நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கினது என்பதையும் எந்தப் போர்வெல்காரரைக் கேட்டாலும் சொல்வார். குமரப்பா வேண்டாம் என்று சொன்ன எல்லாமும் வேண்டாதது இல்லை. ஆனா அவர் எழுதச் சொன்ன செலவை எழுதாமல் விட்டதுதான் இன்னைக்கு வட்டியோட வந்து நிக்குது.

உடம்பு முடியாமல் 1950-களில் மதுரைக்குப் பக்கத்தில் டி.கல்லுப்பட்டி வந்து சேர்ந்தார். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சின்னக் குடிசை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், சொத்து சேர்க்காதவர். அறையில் காந்தி படமும், அதோடு ஒரு ஏழை விவசாயியின் படமும் வைத்திருந்தார். காந்தி தன் எஜமான், இந்த விவசாயி தன் எஜமானுக்கு எஜமான் என்று வருகிறவர்களிடம் சொல்வாராம். 1960 ஜனவரி 30-ல், காந்தி இறந்த அதே நாளில், இறந்தார். வயது 68.

1973-ல் இங்கிலாந்தில் ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல் என்ற புத்தகம் வெளிவந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எழுதிய ஷூமேக்கர் அதில் குமரப்பாவை எடுத்துக் காட்டியிருந்தார். அப்படித்தான் நம்ம தஞ்சாவூர்க்காரர் வெளிநாட்டுப் பசுமை இயக்கத்தவர்களுக்குத் தெரிய வந்தார். நம்ம பாடப் புத்தகத்தில் அவர் பேர் வருவது அபூர்வம்.

உத்தனப்பள்ளியில் குமரப்பா

இதெல்லாம் நமக்கு எதுக்கு? நாம படிக்கிறது எங்கே என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்க.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்குது. பெங்களூரின் சாக்கடையையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்துகொண்டு ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருது. மழைக்காலத்தில் அணை திறக்கும்போது வெள்ளை நுரை மலை மாதிரி எழும்பும் படத்தை எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டிருப்போம். பெங்களூரில் எந்தக் கம்பெனி, எந்த அபார்ட்மென்ட் கணக்கிலும் அந்த நுரை ஒரு செலவாக எழுதப்படல. அது இங்கே பாசனம் பண்ணும் விவசாயியின் கணக்கில் விழுந்திருக்கு. மாத்தர் தாலுகாவில் நடந்த அதே கதை.

இந்தப் பக்கம் ராகியும் தக்காளியும் விளையுது. பசுமைக்குடிலில் ரோஜா விளைஞ்சு காதலர் தினத்துக்கு வெளிநாடு போகுது. நல்ல வருமானம்தான். ஒரு கட்டு ரோஜாவோட எத்தனை லிட்டர் போர்வெல் தண்ணியும் சேர்ந்து விமானம் ஏறுது என்று குமரப்பா முதலில் கேட்டிருப்பார். சானமாவுக் காட்டுக்கு வருஷா வருஷம் யானைக் கூட்டம் வரும். ராகி அறுவடைக் காலத்தில் உத்தனப்பள்ளிச் சுற்றுவட்டாரத்தில் ராத்திரி தூங்காம காவல் இருக்கிற குடும்பங்கள் இருக்கு. காடு சுருங்கினதன் விலையை அவங்க தூக்கத்தில் கொடுக்கறாங்க.

சிப்காட் விரிவாக்கத்துக்கு உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி பகுதிகளில் நிலம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் 2023-ல் நாள் கணக்கில் உட்கார்ந்து போராடினாங்க. நம்ம கேம்பஸ் பிளேஸ்மென்ட் நம்பியிருப்பதும் அதே சிப்காட்டைத்தான். நம்ம கிளாஸிலேயே ஒரு பெஞ்சில் நிலம் போகப் போகிற வீட்டுப் பையனும், பக்கத்தில் அந்த வேலைக்காகக் காத்திருக்கும் பையனும் இருக்கலாம். சில சமயம் ரெண்டும் ஒரே ஆள். இதில் யார் பக்கம் சரி என்று ஒரு ஈவிஎஸ் புத்தகம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனா தீர்ப்புக்கு முன்னாடி ரெண்டு பக்கக் கணக்கையும் முழுசாக எழுதக் கத்துக் கொடுக்க முடியும். ஏக்கருக்கு என்ன இழப்பீடு என்பதோட நிக்காம, அந்த நிலம் வருஷத்துக்கு எத்தனை மூட்டை ராகி கொடுத்தது, எத்தனை மாட்டுக்குத் தீவனம் கொடுத்தது, எத்தனை பேருக்குக் கூலி கொடுத்தது என்று எழுதணும். இந்தப் பக்கம் எத்தனை வேலை, எந்த ஊர் ஆட்களுக்கு, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு தண்ணி என்று எழுதணும்.

சுற்றுச்சூழல் கல்வியின் பயன் இதுதான்னு எனக்குத் தோணுது. மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பது தப்பில்லை. ஆனா நாளைக்கு நம்மில் ஒருத்தர் பிளான்ட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு யூனிட்டுக்குப் பொறுப்பாக இருப்போம். ராத்திரி ஷிஃப்டில் கரண்ட் செலவை மிச்சம் பண்ண அதை நிறுத்தச் சொல்லி மேலிருந்து போன் வரலாம். அப்போ அந்த மிச்சம் யாருடைய கிணற்றில் செலவாகப் போகுது என்று கண்ணுக்குத் தெரியணும். காந்தியே வந்தாலும் நிவாரணக் காசைத் தொட முடியாது என்று சொன்ன அந்த ஆடிட்டரின் கறார் அப்போ கொஞ்சம் தேவைப்படும்.

அடுத்த செமஸ்டர் ஈவிஎஸ் ப்ராஜெக்டுக்கு நெட்டிலிருந்து எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுவதற்குப் பதிலா, ஒரு சின்ன மாத்தர் சர்வே நம்மளும் செய்யலாமே. நாலு பேர் ஒரு டீம், ஒரு டீமுக்கு ஒரு ஊர். கிணறு எத்தனை, போர் எத்தனை அடி, 10 வருஷம் முன்னாடி எத்தனை அடி, ஏரிக்கு வாய்க்கால் எந்தப் பக்கமிருந்து வந்தது, இப்போ எங்கே அடைபட்டிருக்கு, வீட்டில் எத்தனை பேர் கம்பெனிக்குப் போறாங்க, நிலம் யார் பார்க்கிறாங்க. தமிழோட தெலுங்கும் கன்னடமும் பேசற ஊர்கள் இவை. குஜராத்தி தெரியாத குமரப்பாவுக்கு மாணவர்கள்தான் மொழி பெயர்த்தார்கள். நமக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை, நம்ம கிளாஸிலேயே மூணு மொழிக்கும் ஆள் இருக்கு. விருப்பம் இருக்கிறவங்க இதழ்க் குழுவிடம் பேர் கொடுங்க. எந்த ஊர் யாருக்கு என்று உட்கார்ந்து பிரிச்சுக்கலாம்.